36 கணினிகளில் 22இல் மட்டும் மேவன் மறுக்கிறது; பிரவுசரும் கர்லும் ஒழுங்காகத் திறக்கின்றன

நெல்லைநிரல் கேட்டது:

திருநெல்வேலி பக்கத்தில் ஒரு பாலிடெக்னிக்கில் கணினி ஆய்வகத்துக்குப் பொறுப்பாக இருக்கிறேன். மொத்தம் 36 கணினிகள், எல்லாமே உபுண்டு 22.04. ஜாவா 17, ஜாவா நிரல்களைத் தொகுக்கும் கருவியான மேவன் 3.8. வரும் திங்கள் காலை 9:30 மணிக்கு மூன்றாம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு மேவன் வகுப்பு ஆரம்பம். இதுவரை அவர்கள் ஜாவாசி என்று கையால் தட்டித்தான் நிரலைத் தொகுத்திருக்கிறார்கள். ஒரே கட்டளையில் வேண்டிய ஜார் கோப்புகள் எல்லாம் தானாக வந்து இறங்குவதை முதல் தடவையாகப் பார்க்கப் போகிறார்கள். அந்த முதல் கட்டளையே சிவப்பு எழுத்தில் முடிந்தால் அப்புறம் மீதி இரண்டு மணி நேரமும் என்ன ஆகும் என்று ஆய்வகம் நடத்தியவர்களுக்குத் தெரியும்.

பிரச்சினை இதுதான். 'எம்விஎன் பேக்கேஜ்' என்று அடித்தால், ரெப்போ.மேவன்.அப்பாச்சி.ஆர்க் முகவரியிலிருந்து முதல் பிளக்இன்னை எடுக்கப் போகும்போதே நின்றுவிடுகிறது. பிழைச் செய்தியின் முக்கியமான பகுதி: 'பிகேஐஎக்ஸ் பாத் பில்டிங் ஃபெயில்ட்', அதன் பின்னால் 'அனேபிள் டு ஃபைண்ட் வேலிட் சர்ட்டிஃபிகேஷன் பாத் டு ரிக்வெஸ்டட் டார்கெட்'.

நான் செய்து பார்த்தவை: அதே முகவரியை அதே கணினியில் பிரவுசரில் போட்டால் பூட்டுப் படத்தோடு திறக்கிறது. கட்டளைவரியிலிருந்து முகவரியைத் திறக்கும் கர்லில் போட்டால் 200, அதாவது சரி, என்று பதில் வருகிறது. கணினியின் தேதி, நேரம் சரி. இரண்டு கணினிகளில் ஜாவாவை அழித்துவிட்டு மறுபடி நிறுவினேன், பலன் இல்லை. என் கைபேசியின் ஹாட்ஸ்பாட்டில் ஒரு கணினியை இணைத்தேன், மேவன் மளமளவென்று இறக்கிவிட்டது. திரும்பக் கல்லூரி நெட்வொர்க்குக்கு மாற்றி வேறொரு ப்ராஜெக்டைத் தொகுத்தால் அதே பிழை.

என்னை மிகவும் குழப்புவது இன்னொன்று. 36 கணினிகளிலும் இப்படி இல்லை. 14இல் கல்லூரி நெட்வொர்க்கிலேயே மேவன் வேலை செய்கிறது. 22இல் இல்லை. வேலை செய்யும் கணினியும் செய்யாத கணினியும் பக்கத்தில் பக்கத்தில், ஒரே ஸ்விட்ச்சில் இருக்கின்றன. வயரை மாற்றிப் போட்டும் பார்த்துவிட்டேன்.

சாவிக்கொத்து அக்கா இங்கே இருந்தால் ஒரு பார்வை பாருங்கள். போன வருஷம் கிரேடில் பிரச்சினையில் நீங்கள் சொன்னதுதான் கைகொடுத்தது.


கருந்திரை பதில்:

நண்பரே, நேரம் குறைவாக இருக்கிறது என்றால் மேவன் கட்டளையோடு 'மேவன்.வேகன்.எச்டிடிபி.எஸ்எஸ்எல்.இன்செக்யூர்' என்பதை ட்ரூ என்று கொடுத்து ஓட்டுங்கள். சர்வர் தன் அடையாளத்துக்குக் காட்டும் சான்றிதழைச் சரிபார்க்காமலே இறக்கிவிடும். எங்கள் அலுவலகத்தில் எல்லோரும் இப்படித்தான் செய்கிறோம். திங்கட்கிழமை வகுப்பு தப்பிவிடும், அப்புறம் நிதானமாகக் காரணம் தேடலாம்.


சாவிக்கொத்து பதில்:

தம்பி, பேருந்தில் இருந்து கைபேசியில் எழுதுகிறேன், தமிழ் விசைப்பலகைதான் இருக்கிறது. கட்டளைகளையும் ஒலிப்படியே எழுதுகிறேன், நீ அடிக்கும்போது மாற்றிக்கொள்.

நீ எழுதியதில் இரண்டு வரிகள் தங்கம். ஹாட்ஸ்பாட்டில் வேலை செய்கிறது என்பது ஒன்று. ஒரே ஸ்விட்ச்சில் 14 செய்கிறது, 22 செய்யவில்லை என்பது இன்னொன்று. முதல் வரியிலிருந்து தெரிவது, மேவன் சர்வரில் குறை இல்லை, உன் கல்லூரி நெட்வொர்க் நடுவில் ஏதோ செய்கிறது. இரண்டாம் வரியிலிருந்து தெரிவது, நெட்வொர்க் செய்வதை 14 கணினிகளின் ஜாவா ஏற்றுக்கொள்கிறது, 22இன் ஜாவா ஏற்கவில்லை. ஆகவே தேட வேண்டிய இடம் கணினிக்குள்தான். வயரை மாற்றிப் போட்டது வீண் இல்லை, அதனால்தான் இதை இவ்வளவு உறுதியாகச் சொல்ல முடிகிறது.

நடுவில் நடப்பதைச் சொல்கிறேன். பல கல்லூரிகளிலும் அலுவலகங்களிலும் இருக்கும் ஃபயர்வால், பாதுகாப்பான இணைப்பைக்கூட நடுவில் பிரித்துப் படிக்கும். நீ மேவன் சர்வரைக் கூப்பிட்டால் ஃபயர்வால் எடுத்துப் பேசும். உனக்கு மேவனின் உண்மையான சான்றிதழைக் காட்டாமல், அதே பெயரில் தானே ஒன்றை அந்த நிமிடமே அச்சடித்து, தன் கையெழுத்தைப் போட்டுக் காட்டும். அந்தக் கையெழுத்தை நம்புகிற நிரலுக்கு எல்லாம் இயல்பாகத் தெரியும். நம்பாத நிரல் 'இந்தச் சான்றிதழைத் தந்தவர் யார் என்று எனக்குத் தெரியாது' என்று நின்றுவிடும். பிகேஐஎக்ஸ் என்று உனக்கு வருவது அதுதான். எனக்குக் கேட்டால் அது நல்ல பிழை. ஜாவா தன் கடமையைச் செய்திருக்கிறது.

சரி, அப்படியென்றால் பிரவுசரும் கர்லும் ஏன் திறந்தன? ஒரே கணினியில் இருந்தாலும் யாரை நம்புவது என்ற பட்டியல் எல்லோருக்கும் ஒன்று இல்லை. உபுண்டுவில் கர்ல் பார்ப்பது /இடிசி/எஸ்எஸ்எல்/செர்ட்ஸ் என்ற அடைவை. ஃபயர்ஃபாக்ஸ் தனக்கென்று ஒரு பட்டியல் வைத்திருக்கிறது. ஜாவாவும் தனிப் பட்டியல்தான். ஜாவா நிறுவிய அடைவுக்குள் லிப், அதற்குள் செக்யூரிட்டி, அதற்குள் 'கேசெர்ட்ஸ்' என்று ஒரு கோப்பு. கணினியை நிறுவியவர்கள் ஃபயர்வாலின் ரூட் சான்றிதழை, அதாவது மற்றச் சான்றிதழ்களில் கையெழுத்துப் போடும் மூலச் சான்றிதழை, பிரவுசரிலும் உபுண்டுவின் பொதுப் பட்டியலிலும் சேர்த்திருப்பார்கள். ஜாவாவை யாரும் நினைத்திருக்க மாட்டார்கள்.

ஆனால் அந்த 14? என் ஊகம் இது. உபுண்டுவின் சொந்த நிறுவும் கருவியான ஏபிடி வழியாக நிறுவிய ஜாவாவில் அந்தக் கேசெர்ட்ஸ் தனிக் கோப்பாக இருக்காது. /இடிசி/எஸ்எஸ்எல்/செர்ட்ஸ்/ஜாவா/கேசெர்ட்ஸ் என்ற பொதுக் கோப்புக்கு ஒரு இணைப்பாக இருக்கும். 'சிஏ-சர்ட்டிஃபிகேட்ஸ்-ஜாவா' என்ற தொகுப்பு அதைப் பராமரிக்கிறது. பொதுப் பட்டியலில் ஒரு சான்றிதழைச் சேர்த்து 'அப்டேட்-சிஏ-சர்ட்டிஃபிகேட்ஸ்' ஓட்டும்போதெல்லாம் ஜாவாவுக்கான கோப்பும் கூடவே புதுப்பிக்கப்படும். இணையத்திலிருந்து டார் கோப்பாக (முழு அடைவையும் ஒரே கோப்பாகக் கட்டியது) இறக்கி /ஆப்ட் அடைவில் விரித்த ஜாவாவுக்கு இந்த ஏற்பாடு எதுவும் தெரியாது. தன்னோடு வந்த பட்டியலைத்தான் பார்க்கும். உன் 22இலும் இருப்பது டார் ஜாவா என்று நினைக்கிறேன். நீ மறுபடி நிறுவியதும் அதே டார் கோப்பிலிருந்துதானே?

எதையும் மாற்றுவதற்கு முன் இரண்டு கட்டளை ஓட்டிப் பார். வேலை செய்யும் ஒன்றிலும் செய்யாத ஒன்றிலும் 'எம்விஎன் -வெர்ஷன்'. அதில் 'ரன்டைம்' என்ற சொல்லுக்குப் பின்னால் எந்த அடைவின் ஜாவா ஓடுகிறது என்று வரும். 'ஜாவா -வெர்ஷன்' காட்டுவதை நம்பாதே. ஜாவா_ஹோம் என்ற சூழல் மாறி வேறு இடத்தைக் காட்டினால் மேவன் அந்த ஜாவாவைத்தான் எடுக்கும். இந்த ஒரு வரியைப் பார்க்காமல் தவறான ஜாவாவுக்குள் சான்றிதழைச் சேர்த்துவிட்டு நாள் முழுக்க உட்கார்ந்திருந்தவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

இரண்டாவது: 'கீடூல் -பிரிண்ட்செர்ட் -எஸ்எஸ்எல்சர்வர் ரெப்போ.மேவன்.அப்பாச்சி.ஆர்க்:443'. கீடூல் ஜாவாவோடு வருவதுதான். இந்தக் கட்டளை நம்பலாமா என்று ஆராயாமல், எதிர்ப்பக்கம் என்ன சான்றிதழ் காட்டுகிறதோ அதை அப்படியே அச்சடிக்கும். 'இஷ்யூயர்' வரியைப் படி. உன் கல்லூரி பெயரோ ஃபயர்வால் பெயரோ இருந்தால் முடிந்தது, ஊகம் உறுதி. ஹாட்ஸ்பாட்டில் அதே கட்டளையை ஓட்டினால் அந்த வரியில் வேறு பெயர் வரும்.

உறுதியானால் அப்புறம் சரிசெய்வது. ஆனால் அதற்கும் முன்னால் ஒன்று. பொதுப் பட்டியலில் ஏற்கெனவே இருக்கும் அந்த ரூட் சான்றிதழ் உண்மையில் உங்கள் ஃபயர்வாலுடையதுதானா என்று கைரேகையை, அதாவது அந்தச் சான்றிதழை அடையாளம் காட்டும் நீண்ட எண்ணை, ஒப்பிடு. /யூஎஸ்ஆர்/லோக்கல்/ஷேர்/சிஏ-சர்ட்டிஃபிகேட்ஸ் அடைவில் சிஆர்டி என்று முடியும் கோப்பாக இருக்கும். 'கீடூல் -பிரிண்ட்செர்ட் -ஃபைல்' கொடுத்தால் எஸ்எச்ஏ-256 கைரேகை வரும், 64 இலக்கம். நெட்வொர்க் அறைக்கு நேரில் போய், ஃபயர்வாலின் திரையில் உள்ளதோடு ஒப்பிடு. மின்னஞ்சலில் வந்த கோப்பை அதே மின்னஞ்சலில் வந்த கைரேகையோடு ஒப்பிடுவதில் பயன் இல்லை.

ஒப்பிட்டுவிட்டாய் என்றால், ஒவ்வொரு டார் ஜாவாவுக்குள்ளும் சான்றிதழைத் திணிக்காதே. செய்யலாம், 'கீடூல் -இம்போர்ட்செர்ட்', கடவுச்சொல் 'சேஞ்ச்இட்'. ஆனால் ஜாவாவைப் புதுப்பிக்கும்போது புது அடைவோடு புதுக் கேசெர்ட்ஸ் வரும், நீ சேர்த்தது போய்விடும். ஆறு மாதம் கழித்து இதே கேள்வியை மறுபடி கேட்பாய். அதைவிட, உபுண்டு பராமரிக்கும் கோப்பையே பார்க்கச் சொல்லிவிடு. /இடிசி/ப்ரொஃபைல்.டி அடைவில் ஒரு சிறு கோப்பு, அதில் மேவன்_ஆப்ட்ஸ் என்ற சூழல் மாறியில் இதை வை: '-டிஜாவாக்ஸ்.நெட்.எஸ்எஸ்எல்.டிரஸ்ட்ஸ்டோர்=/இடிசி/எஸ்எஸ்எல்/செர்ட்ஸ்/ஜாவா/கேசெர்ட்ஸ்'. டிரஸ்ட்ஸ்டோர் என்பதில் நடுவில் வரும் எஸ் பெரிய எழுத்து. சின்ன எழுத்தில் அடித்தால் ஜாவா பிழை சொல்லாது, கண்டுகொள்ளாமல் போய்விடும்.

இந்த அமைப்பு இருக்கிற பட்டியலோடு புதிதாக ஒன்றைச் சேர்ப்பது இல்லை. பழைய பட்டியலை முழுக்க விட்டுவிட்டு நீ சொன்ன கோப்பை மட்டும் பார்க்கும். அதனால் ஃபயர்வால் சான்றிதழ் ஒன்றை மட்டும் ஒரு கோப்பில் போட்டு இங்கே காட்டிவிடாதே. கல்லூரியில் வேலை செய்யும், மடிக்கணினியை வீட்டுக்கு எடுத்துப் போனால் உலகத்தில் எந்த சர்வரையும் நம்பாது. உபுண்டுவின் கோப்பில் எல்லா ரூட் சான்றிதழ்களும் உன்னுடையதும் சேர்ந்து இருக்கும், அதனால் அங்கே கவலை இல்லை.

இப்போது கருந்திரை சொன்னதற்கு வருகிறேன். அவர் உதவ நினைத்துத்தான் சொன்னார். ஆனால் நான் அதை ஏற்க மாட்டேன், அதுவும் மாணவர்களின் முதல் மேவன் வகுப்பில் ஒருநாளும் ஏற்க மாட்டேன். 2015இல் நான் வேலை பார்த்த ஓரிடத்தில், இரவில் பில் கோப்புகளை வாடிக்கையாளர் சர்வருக்கு அனுப்பும் ஒரு ஜாவா கட்டளைவரி நிரல் இருந்தது. சோதனை சர்வரில் இதே பிகேஐஎக்ஸ் பிழை வந்தபோது, எந்தச் சான்றிதழ் வந்தாலும் சரி என்று தலையாட்டும் டிரஸ்ட்மேனேஜர் என்ற ஒரு நிரல்பகுதியை யாரோ எழுதிச் சேர்த்துவிட்டார்கள். பக்கத்திலேயே 'பிறகு எடுக்க வேண்டும்' என்று குறிப்பு. நான்கு வருஷம் அது அப்படியே உற்பத்திச் சூழலில் ஓடியது. எதிர்ப்பக்க சர்வரின் சான்றிதழ் காலாவதியாகி ஏழு மாதம் ஆகியிருந்தது. அத்தனை மாதமும் எங்கள் நிரல் ஒரு வார்த்தை சொல்லவில்லை. வாடிக்கையாளர் தரப்பில் ஒருவர் தற்செயலாகக் கேட்டபோதுதான் தெரிந்தது. அந்த ஏழு மாதத்தில் நடுவில் யாராவது நுழைந்து பில்களைப் படித்தார்களா என்று கேட்டார்கள். எங்களால் ஆம் என்றும் சொல்ல முடியவில்லை, இல்லை என்றும் சொல்ல முடியவில்லை. அந்தக் கூட்டத்தில் நான் உட்கார்ந்திருந்தேன்.

மேவன் இறக்குவது வெறும் தகவல் இல்லை. உன் கணினியில் ஓடப் போகும் நிரல். அதனால் யாரிடமிருந்து வருகிறது என்று பார்க்காமல் இறக்கக் கூடாது. தவிர, மேவன் 3.9இலிருந்து இணைப்பைக் கையாளும் பகுதியே மாறிவிட்டது, அந்த வேகன் அமைப்பை அது கண்டுகொள்வதில்லை. அடுத்த வருஷம் மேவனைப் புதுப்பித்ததும் இந்தக் குறுக்குவழியும் அடைபடும்.


நெல்லைநிரல் பதில்:

அக்கா, நீங்கள் சொன்னது அப்படியே நடந்தது. செய்யாத 22இலும் ரன்டைம் வரியில் /ஆப்ட் அடைவு. மற்ற 14இலும் /யூஎஸ்ஆர்/லிப்/ஜேவிஎம். அந்த 14ஐ நிறுவியது எனக்கு முன்னால் இருந்தவர், 22ஐ நிறுவியது நான். புதிய பதிப்பு வேண்டும் என்று இறக்கிப் போட்டேன். மறுபடி நிறுவியதும் அதே டார் கோப்பிலிருந்துதான்.

கீடூல் கட்டளையில் இஷ்யூயர் வரியில் கல்லூரியின் பெயர் வந்தது. நேரே நெட்வொர்க் அறைக்குப் போனேன். அங்கே இருப்பவர் முதலில் 'எதற்கு சார் இதெல்லாம்' என்றார். ஃபயர்வால் திரையைத் திறந்து வைத்துவிட்டு அவர் நான்கு நான்கு எழுத்தாகப் படிக்க, நான் தாளில் அச்சடித்து வந்ததில் பேனாவால் கோடிட்டுக்கொண்டே வந்தேன். 64உம் பொருந்தியது.

/இடிசி/ப்ரொஃபைல்.டி கோப்பை 22 கணினிகளிலும் போட்டேன். 16இல் உடனே வேலை செய்தது. ஒன்றில் அதே பிகேஐஎக்ஸ் பிழை. மீதி 5இல் புதிய பிழை: 'த டிரஸ்ட்ஆங்கர்ஸ் பாராமீட்டர் மஸ்ட் பீ நான்-எம்ப்டி'. நேற்று இரவு பத்தரை வரை அங்கேயே இருந்தேன், வாட்ச்மேன் வந்து விளக்கை அணைத்த பிறகுதான் கிளம்பினேன். பாதையில் எழுத்துப்பிழை இருக்கிறதா என்று ஐந்திலும் பார்த்தேன், இல்லை. ஒரே கோப்பை எல்லாவற்றுக்கும் நகல் எடுத்ததுதான்.


சாவிக்கொத்து பதில்:

ஐந்துக்கு முதலில். அந்தப் பிழையின் பொருள், 'நம்ப வேண்டியவர்களின் பட்டியல் காலியாக இருக்கிறது'. டிரஸ்ட்ஸ்டோர் என்று நீ காட்டிய கோப்பு அங்கே இல்லாவிட்டால் ஜாவா 'கோப்பு இல்லை' என்று சொல்லாது. காலிப் பட்டியலை எடுத்துக்கொண்டு மேலே போய், கடைசியில் இப்படி நிற்கும். பழைய காலத்திலிருந்து இப்படித்தான், இதைக் கோப்பு இல்லை என்று நேராகச் சொல்லியிருந்தால் எத்தனையோ பேரின் இரவு மிச்சமாகியிருக்கும்.

அந்த ஐந்தில் /இடிசி/எஸ்எஸ்எல்/செர்ட்ஸ்/ஜாவா/கேசெர்ட்ஸ் இருக்கிறதா என்று 'எல்எஸ்' போட்டுப் பார். இருக்காது என்று நினைக்கிறேன். அந்தக் கோப்பை உருவாக்குவது சிஏ-சர்ட்டிஃபிகேட்ஸ்-ஜாவா தொகுப்பு என்றேன் அல்லவா? உபுண்டுவின் சொந்த ஜாவாவை நிறுவும்போது அது கூடவே வரும். மற்ற 17 கணினிகளிலும் லிப்ரே ஆபீஸுக்காகவோ வேறெதற்காகவோ ஏபிடி ஜாவாவும் ஒரு மூலையில் இருந்திருக்கும், அதனால் கோப்பும் இருந்தது. இந்த ஐந்தில் டார் ஜாவா மட்டும்தான். ஏபிடியில் அந்தத் தொகுப்பை நிறுவு, கோப்பு வந்துவிடும். வரும்போதே உன் ஃபயர்வால் சான்றிதழையும் சேர்த்துக்கொள்ளும், ஏனென்றால் அது பொதுப் பட்டியலில் ஏற்கெனவே இருக்கிறது.

பழைய பிழையே வரும் அந்த ஒரு கணினியில் செய்தியை முழுக்கப் படி. நடுவில் 'வாஸ் கேஷ்ட் இன் த லோக்கல் ரெப்பாசிட்டரி' என்று ஒரு துண்டு இருக்கும். மேவன் சர்வரிடம் போகவே இல்லை. முன்பு தோற்றதைக் குறித்து வைத்துக்கொண்டு, அதே தோல்வியைத் திரும்பச் சொல்கிறது. கட்டளையோடு '-யூ' சேர்த்து ஓட்டு, பெரிய எழுத்து யூ. மறுபடி முயலும்.

ஒரு குறிப்பு, பிறகு உதவும். மேவன்_ஆப்ட்ஸ் மேவனுக்கு மட்டும்தான். மேவன் சோதனைகளை ஓட்ட இன்னொரு ஜாவாவைத் தனியாகக் கிளப்பும், அதற்கு இது போய்ச் சேராது. பிள்ளைகள் எழுதும் சோதனை ஏதாவது பாதுகாப்பான முகவரியைத் தொட்டால் மறுபடி பிகேஐஎக்ஸ் வரும். அப்போது ஜாவா_டூல்_ஆப்ஷன்ஸ் என்ற மாறியில் அதே வரியை வை. கணினியில் கிளம்பும் எல்லா ஜாவாவும் அதைப் படிக்கும். ஒவ்வொரு தடவையும் 'பிக்ட் அப்' என்று ஒரு வரி திரையில் வரும், பயப்பட வேண்டாம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும் தம்பி. அந்த ஃபயர்வால் பிள்ளைகளின் இணைப்பைப் பிரித்துப் படிக்கிறது என்பதை அவர்களிடம் சொல்லிவிடு. கல்லூரியின் கணினி, கல்லூரியின் உரிமை, அதை நான் கேள்வி கேட்கவில்லை. ஆனால் பூட்டுப் படத்தைப் பார்த்து நம்பி வங்கிக் கடவுச்சொல்லை அங்கே அடிக்கிற பிள்ளைக்கு, நடுவில் ஒருவர் இருப்பது தெரிய வேண்டும்.


மழைலினக்ஸ் பதில்:

இடையில் நுழைகிறேன், மன்னிக்கவும். எனக்கும் இதே பிகேஐஎக்ஸ் செய்திதான். ஆனால் எங்களிடம் ஃபயர்வால் எதுவும் இல்லை, வீட்டிலிருந்தே வருகிறது. ஒரு சிறு அறக்கட்டளைக்காக நான் எழுதிய ஜாவா கட்டளைவரி நிரல், அவர்களுடைய சர்வரிலிருந்து தினமும் ஒரு சிஎஸ்வி கோப்பை எடுக்கும். போன வாரம் அவர்கள் சான்றிதழை மாற்றியதிலிருந்து நின்றுவிட்டது. பிரவுசரில் திறக்கிறது. கர்ல்கூட மறுக்கிறது. அவர்களோ 'எங்கள் தளம் நன்றாகத் திறக்கிறது, உங்கள் நிரலில்தான் கோளாறு' என்கிறார்கள்.


சாவிக்கொத்து பதில்:

கர்லும் மறுக்கிறது என்று சொன்னதுமே உங்கள் வழி வேறு. உங்கள் நிரலைத் தொடாதீர்கள். கோளாறு சர்வரில்.

சர்வர் தன் சான்றிதழை மட்டும் காட்டினால் போதாது, தன்னுடையதையும் ரூட்டையும் இணைக்கும் இடைச் சான்றிதழையும் சேர்த்து அனுப்ப வேண்டும். அனுப்பாவிட்டாலும் பல பிரவுசர்கள் சமாளித்துவிடும். சான்றிதழுக்குள் எழுதியிருக்கும் முகவரிக்குப் போய் இடைச் சான்றிதழைத் தாங்களே எடுத்துக்கொள்ளும், அல்லது முன்னமே சேமித்து வைத்திருக்கும். ஜாவா இயல்பாக அப்படிப் போய்த் தேடாது. லினக்ஸில் கர்லும் தேடாது. அதனால்தான் அவர்களுக்கு எல்லாம் சரியாகத் தெரிகிறது.

'ஓபன்எஸ்எஸ்எல் எஸ்_க்ளையன்ட்' கட்டளையில் '-ஷோசெர்ட்ஸ்' சேர்த்து அந்த முகவரிக்கு ஓட்டுங்கள், '-சர்வர்நேம்' கொடுக்க மறக்காதீர்கள். 'சர்ட்டிஃபிகேட் செயின்' என்பதன் கீழே 0 என்ற எண் மட்டும் வந்து 1 வராவிட்டால் இடைச் சான்றிதழ் இல்லை என்று பொருள். அந்த வெளியீட்டை அப்படியே அவர்களுக்கு அனுப்புங்கள், வாதம் அதோடு முடிந்துவிடும். செர்ட்பாட் என்ற சான்றிதழ் கருவியை வைத்துப் புதுப்பிப்பவர்கள் 'ஃபுல்செயின்' கோப்பைக் காட்ட வேண்டிய இடத்தில் 'செர்ட்' கோப்பைக் காட்டிவிடுவது அடிக்கடி நடக்கும் தவறு. அதை முதலில் பார்க்கச் சொல்லுங்கள்.

அவர்கள் சரிசெய்யும்வரை, 'காம்.சன்.செக்யூரிட்டி.எனேபிள்ஏஐஏசிஏஇஷ்யூயர்ஸ்' என்பதை ட்ரூ என்று கொடுத்தால் ஜாவாவும் பிரவுசர் போலத் தேடிப் போகும். சரிபார்ப்பு முழுமையாகவே நடக்கும், அதனால் இதில் எனக்கு மறுப்பு இல்லை. ஒன்று கவனியுங்கள்: இந்த மாதிரி அமைப்புகளை '-ஜார்' என்பதற்கு முன்னால் எழுத வேண்டும். பின்னால் எழுதினால் அது ஜாவாவுக்குப் போகாமல் உங்கள் நிரலுக்கு ஒரு சாதாரண உள்ளீடாகப் போய்விடும்.


கருந்திரை பதில்:

சாவிக்கொத்து அக்கா, நான் சொன்னதைத் திரும்பப் பெறுகிறேன். இன்று எங்கள் பில்ட் கோப்புகளில் அந்த இன்செக்யூர் வரியைத் தேடினேன், 11 இடத்தில் இருந்தது. ஒன்பதை எடுத்துவிட்டேன், எதுவும் உடையவில்லை. எதற்காகப் போட்டார்கள் என்றுகூட யாருக்கும் நினைவில்லை. மீதி இரண்டு நாளைக்கு.

அதோடு ஒரு கேள்வி. வருகைப்பதிவுக் கருவி ஒன்றிலிருந்து தகவல் எடுக்கும் நிரல் எங்களிடம் உண்டு. ஜாவா 8லிருந்து 17க்கு மாற்றியதும் 'நோ அப்ரோப்ரியேட் புரோட்டோகால்' என்று நிற்கிறது. ஜாவாவின் பாதுகாப்பு அமைப்புகள் இருக்கும் ஜாவா.செக்யூரிட்டி கோப்பைத் திருத்திவிடலாமா?


சாவிக்கொத்து பதில்:

பதினொன்றில் ஒன்பதை எடுத்தது பெரிய வேலை. மனதார மகிழ்ச்சி.

உங்கள் பிழைக்கும் சான்றிதழுக்கும் தொடர்பு இல்லை. அந்தக் கருவி பாதுகாப்பான இணைப்புக்கான டிஎல்எஸ் நெறிமுறையில் 1.0 அல்லது 1.1 பதிப்பு மட்டுமே பேசும் பழைய கருவியாக இருக்கும். 2021 ஏப்ரலில் வந்த புதுப்பிப்பிலிருந்து ஜாவா அந்த இரண்டையும் இயல்பாக மறுக்கிறது. 8இல் 291ஆம் புதுப்பிப்பு, 11இல் 11.0.11. உங்களிடம் இருந்த 8 அதற்கும் பழையது.

ஜாவா.செக்யூரிட்டியைத் திருத்தினால் அந்தக் கணினியின் எல்லா ஜாவா நிரலுக்கும் கதவு திறந்துவிடும், வேண்டாம். அதிலிருந்து 'ஜேடிகே.டிஎல்எஸ்.டிஸேபிள்ட்அல்காரிதம்ஸ்' வரியை மட்டும் ஒரு தனிக் கோப்பில் நகலெடுத்து, அதில் கருவி பேசும் பதிப்பை மட்டும் நீக்குங்கள். அந்த ஒரு நிரலை மட்டும் 'ஜாவா.செக்யூரிட்டி.ப்ராப்பர்ட்டீஸ்' வழியாக அந்தக் கோப்பைக் காட்டி ஓட்டுங்கள். ஒற்றைச் சமக்குறி போதும், இரட்டைச் சமக்குறி போட்டால் மூலக் கோப்பையே முழுக்க ஒதுக்கிவிடும். அந்தக் கருவி உள் நெட்வொர்க்கைத் தாண்டி வெளியே தெரியக் கூடாது. கருவி செய்தவரிடம் புதிய ஃபர்ம்வேர் இருக்கிறதா என்றும் கேளுங்கள்.


நெல்லைநிரல் பதில்:

திங்கட்கிழமை மதியம் எழுதுகிறேன். அந்த ஐந்திலும் கோப்பு இல்லைதான். தொகுப்பை நிறுவினேன், வந்தது. ஒற்றைக் கணினிக்கு '-யூ' போதுமாக இருந்தது.

9:30க்கு 36 பேரும் ஒரே நேரத்தில் கட்டளையை அடித்ததில் நெட்வொர்க் திணறியது, முதல் 'பில்ட் சக்ஸஸ்' வர ஆறு நிமிடம் ஆனது. கடைசிக் கணினி முடிய 20 நிமிடம். அந்த இடைவெளியில் கீடூல் கட்டளையை ப்ரொஜெக்டரில் ஓட்டி, இஷ்யூயர் வரியில் நம் கல்லூரியின் பெயர் இருப்பதைக் காட்டினேன். அப்புறம் என் ஹாட்ஸ்பாட்டுக்கு மாற்றி அதையே ஓட்டினேன். மூன்றாவது வரிசையில் ஒரு பெண், 'அப்படியென்றால் நாங்கள் இங்கே ஜிமெயில் திறந்தாலும் இப்படித்தானா சார்?' என்று கேட்டாள். உடனே சரிபார்க்கச் சொன்னேன். அவளே முன்னால் வந்து முகவரியை மாற்றி அடித்தாள். அதிலும் கல்லூரியின் பெயர்தான் வந்தது.

ஃபயர்வால் சான்றிதழின் கைரேகையையும் அது காலாவதியாகும் தேதியையும் தாளில் அச்சடித்து ஆய்வகக் கதவுக்கு உட்புறம் ஒட்டியிருக்கிறேன் அக்கா.